வழி சொல்பவர் யார்?
கடைக் கம்ப்யூட்டரின் டி.என்.எஸ். செட்டிங்கும் முதலாளியின் பொறுப்பும்

மாதத்தின் 20-ஆம் தேதி என்றாலே ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர்களுக்கு ஒரு படபடப்பு உண்டு. மாதாமாதம் 3-பி ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு அன்றுதான் கடைசி நாள். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்ட வேண்டிய வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. அப்படிப்பட்ட ஒரு 20-ஆம் தேதி காலையில் நமது சங்க அலுவலகத்தில் நடந்ததை உறுப்பினர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பாடம் நமக்கு மட்டும் உரியதல்ல.

அன்று மளிகைக்கடைக்காரர்கள் மூவர் பில் கட்டுகளோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முந்தைய நாள் மாலைதான் அலுவலகத்தின் இன்டர்நெட் இணைப்பை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றியிருந்தோம். லைன் போட வந்த தம்பி தம் செல்போனில் ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டி, "நல்லா வருது சார்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். காலையில் மேஜைக் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு பக்கமும் வரவில்லை. அதே ரூட்டரின் வைஃபையில் எல்லோருடைய செல்போனும் ஒழுங்காக வேலை செய்தது. ரூட்டரை அணைத்துப் போட்டோம். ஒயரைக் கழற்றி மாட்டினோம். புதிய நிறுவனத்துக்குப் போன் செய்தால், "லைன் சரியாகத்தான் இருக்கிறது" என்றார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யல்ல.

மூன்று மணி நேரம் போன பிறகு, உறுப்பினர் ஒருவரின் மகன் வந்து பார்த்தார். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்கில் 'டி.என்.எஸ்.' என்ற இடத்தில் 'மேனுவல்' என்றிருந்தது. பழைய நிறுவனத்தின் எண்கள் இரண்டு அங்கே கையால் எழுதப்பட்டிருந்தன. என்றோ ஒரு டெக்னீஷியன் எழுதிவிட்டுப் போனது. நம்மிடம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பழைய நிறுவனத்தின் சர்வர் இப்போது நம்மை வெளியாளாகப் பார்த்துப் பதில் சொல்ல மறுத்துவிட்டது. அந்தப் பையன் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினார். அரை நிமிடத்தில் பக்கம் திறந்தது. மூன்று ரிட்டர்ன்களும் மாலைக்குள் போய்ச் சேர்ந்தன.

அப்படியானால் ஆட்டோமேட்டிக் நல்லது, மேனுவல் கெட்டது என்று முடித்துவிடலாமா? முடியாது. அதற்கு நேர்மாறான கதைகளும் உண்டு. அவை இதைவிடப் பெரியவை. முதலில் இந்த டி.என்.எஸ். என்பது என்ன என்று பார்ப்போம்.

லாரிக்கு வழி சொல்பவர்

வெளியூர் லாரி ஒன்று சரக்கோடு ஊர் எல்லைக்கு வருகிறது. டிரைவருக்குக் கடையின் பெயர் தெரியும், இடம் தெரியாது. முக்கில் நிற்கும் ஒருவரிடம் கேட்கிறார். அவர் கை காட்டிய பக்கம் வண்டி திரும்புகிறது. கம்ப்யூட்டரும் இப்படித்தான். நாம் பேங்கின் பெயரையோ வரித்துறையின் பெயரையோ தட்டுகிறோம். கம்ப்யூட்டருக்கு வேண்டியதோ எண். உலகில் எந்த இணையப் பக்கமும் ஒரு எண் முகவரியில்தான் இருக்கிறது. பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்குத்தான் டி.என்.எஸ். என்று பெயர்.

ஆரம்ப காலத்தில் இதற்கு ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மென்லோ பார்க் நகரில், எஸ்.ஆர்.ஐ. என்ற ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அந்தப் பட்டியலைப் பராமரித்தது. புதிய கம்ப்யூட்டருக்குப் பெயர் வேண்டுமானால் அந்த அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மற்றவர்கள் அந்தப் பட்டியலைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக இது கட்டுப்படியாகவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், ஒரே பேரேட்டை வைத்துக்கொள்ளாமல் பொறுப்பைப் பலரிடம் பிரித்துக் கொடுக்கும் டி.என்.எஸ். முறையை வகுத்தார். இன்றுவரை நாம் பயன்படுத்துவது அதன் வளர்ச்சிதான்.

இதில் வணிகர் கவனிக்க வேண்டியது ஒன்றே. லாரிக்கு வழி சொல்பவர் யோக்கியராக இருக்க வேண்டும். அவர் வேண்டுமென்றே வேறு கிடங்குக்குக் கை காட்டினால், லாரியும் நல்ல லாரி, டிரைவரும் நல்ல டிரைவர், சரக்கு மட்டும் போய்விடும்.

ஆட்டோமேட்டிக் என்றால் என்ன நடக்கிறது?

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரை ரூட்டரில் மாட்டியதும் இன்டர்நெட் வந்துவிடுகிறது. நாம் ஒன்றும் எழுதுவதில்லை. காரணம் டி.எச்.சி.பி. என்ற முறை. 1993-இல் வெளியாகி, 1997-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி இது நடக்கிறது. கம்ப்யூட்டர் எழுந்ததும், "இங்கே யாராவது எண் தருகிறவர் உண்டா?" என்று உரக்கக் கேட்கிறது. ரூட்டர், "நான் தருகிறேன்" என்கிறது. கம்ப்யூட்டர், "அதையே கொடு" என்கிறது. ரூட்டர், "எடுத்துக்கொள்" என்று முடிக்கிறது. இந்த நான்கு பேச்சில் மூன்று விஷயங்கள் கைமாறுகின்றன: கம்ப்யூட்டருக்கான எண், வெளியே போகும் வாசல், மூன்றாவதாக, பெயர்களுக்கு யாரிடம் வழி கேட்க வேண்டும் என்ற டி.என்.எஸ். முகவரி.

அந்த எண் சொந்தமாகக் கொடுக்கப்படுவதல்ல, வாடகைக்குத்தான். வாடகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கம்ப்யூட்டர் மறுபடியும் ரூட்டரிடம் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் டி.என்.எஸ். முகவரியும் கூடவே வரும். ஆகவே ரூட்டரில் யாராவது அந்த முகவரியை மாற்றிவிட்டால், கடையில் அதை நம்பியிருக்கும் பில் கம்ப்யூட்டர், கணக்கு கம்ப்யூட்டர், செல்போன் எல்லாம் ஒருவரும் கேட்காமலேயே புதிய ஆளிடம் வழி கேட்கத் தொடங்கிவிடும். வசதியும் இதில்தான், ஆபத்தும் இதில்தான்.

நாற்பது லட்சம் கம்ப்யூட்டர்கள்

இது கற்பனை அல்ல. எஸ்தோனியா நாட்டில் ரோவ் டிஜிட்டல் என்ற பெயரில் இயங்கிய கும்பல் ஒன்று 2007 முதல் இதையே தொழிலாகச் செய்தது. டி.என்.எஸ். சேஞ்சர் என்ற கெட்ட புரோகிராமை அனுப்பி, கம்ப்யூட்டர்களின் டி.என்.எஸ். முகவரியைத் தங்கள் சர்வருக்கு மாற்றினார்கள். பாஸ்வேர்டு மாற்றாமல் வைத்திருந்த ரூட்டர்களிலும் கை வைத்தார்கள். மக்கள் ஒரு பெயரைத் தட்டினால், கும்பல் விரும்பிய பக்கத்துக்குப் போனார்கள், விளம்பரங்களும் மாறின. 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் சிக்கின. கும்பல் சம்பாதித்தது சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர். 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நடவடிக்கையால் இது முடிவுக்கு வந்தது. கும்பலின் தலைவன் விளாதிமிர் சாஸ்ட்சினுக்கு 2016-இல் அமெரிக்க நீதிமன்றம் 7 ஆண்டு 3 மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

இதில் வேடிக்கையான பகுதி அதற்குப் பிறகுதான். கும்பலின் சர்வர்களை உடனே நிறுத்தினால், பாதிக்கப்பட்ட அத்தனை கம்ப்யூட்டர்களுக்கும் வழி சொல்ல ஆளில்லாமல் இன்டர்நெட்டே நின்றுவிடும். நமது அலுவலகத்தில் நடந்ததைப் போலத்தான். அதனால் நீதிமன்ற உத்தரவு பெற்று, அந்த இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை நடத்தினார்கள். மக்கள் தங்கள் செட்டிங்கைப் பார்த்துத் திருத்திக்கொள்ள எட்டு மாதம் அவகாசம் கிடைத்தது. அப்படியும் கடைசி நாள் வரை பார்க்காதவர்கள் இருந்தார்கள். தம் கம்ப்யூட்டர் யாரிடம் வழி கேட்கிறது என்று ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்கள் அவர்கள்.

பிரேசில் நாட்டில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. 2011 முதல் அங்கே சுமார் 45 லட்சம் மோடம்களின் டி.என்.எஸ். முகவரியைத் திருடர்கள் வெளியிலிருந்தே மாற்றினார்கள். 2012-இல் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஆய்வாளர் இதை விரிவாக வெளியிட்டார். கம்ப்யூட்டரில் வைரஸ் இல்லை. கம்ப்யூட்டரின் செட்டிங் 'ஆட்டோமேட்டிக்' என்றே இருந்தது. மோடம் தந்த முகவரியை அது நம்பியது. பேங்க் பெயரைச் சரியாகத் தட்டியவர்களும் போலிப் பக்கத்தில் போய் நின்றார்கள். ஆட்டோமேட்டிக்கை நம்புகிறோம் என்றால் ரூட்டரை நம்புகிறோம் என்று பொருள்.

சுவிட்ச் யார் கையில்?

நெட்வொர்க் செட்டிங்கை நடத்தும் புரோகிராம்கள் எல்லாவற்றிலும் இதற்கென ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். ரூட்டர் தருவதை ஏற்பதா, முதலாளி எழுதியதை ஏற்பதா என்பதுதான் கேள்வி. ஆனால் அந்த சுவிட்ச் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் பகுதியில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' என்பதைத் திறந்து, உங்கள் இணைப்பின் விவரத்துக்குள் போனால் 'டி.என்.எஸ். சர்வர் அசைன்மென்ட்' என்று இருக்கும். அதில் ஆட்டோமேட்டிக், மேனுவல் என இரண்டு வழி. மேனுவல் என்று வைத்து எண்களை எழுதினால் ரூட்டர் சொல்வதை விட்டுவிடும். ஆனால் ஐ.பி.வி. 4, ஐ.பி.வி. 6 என்று இரண்டு வகை இணைப்புகள் தனித்தனியே இருக்கின்றன. நான்கில் மட்டும் எழுதி, ஆறை அப்படியே விட்டால், ஆறின் வழியாக ரூட்டரின் முகவரி உள்ளே வந்துவிடும். முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைத்தது போல ஆகும்.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் பில் போடும் கடைகளும் நம்மில் உண்டு. அவற்றில் பெரும்பாலும் இந்த வேலையைப் பார்ப்பது நெட்வொர்க் மேனேஜர் என்ற புரோகிராம். 2004-இல் ரெட் ஹேட் நிறுவனம் தொடங்கியது இது. இதற்கு முன் லினக்ஸில் டி.என்.எஸ். எண்ணை ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைப்பார்கள். நெட்வொர்க் மேனேஜர் வந்த பிறகு, அந்த ஃபைலில் கையால் எழுதினால் அடுத்த முறை இணைப்பு புதுப்பிக்கும்போது அழித்துவிட்டுத் தானே எழுதிக்கொள்ளும். எழுதியவர் எங்கே போயிற்று என்று தேடுவார். எழுத வேண்டிய இடம் நெட்வொர்க் மேனேஜரின் செட்டிங்.

அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டி.என்.எஸ். கட்டத்துக்குப் பக்கத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்ற சுவிட்ச் இருக்கும். அதை அணைக்காமல் உங்கள் எண்ணை மட்டும் எழுதினால், உங்கள் எண்ணும் ரூட்டர் தந்த எண்ணும் இரண்டும் பட்டியலில் சேரும். முதலில் உங்களுடையதைக் கேட்டாலும், பதில் வராவிட்டால் மற்றதிடம் போகும். "நான்தான் மாற்றிவிட்டேனே" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். பாதி மாற்றம்தான் நடந்திருக்கும். சுவிட்சை அணைத்தால்தான் ரூட்டர் சொல்வது ஒதுக்கப்படும். ஐ.பி.வி. 4, ஐ.பி.வி. 6 இரண்டிலும் தனித்தனியாக அணைக்க வேண்டும். இந்தச் செட்டிங் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி என்பதையும் நினைவில் கொள்க. கடை வைஃபைக்கு மாற்றியது வீட்டு வைஃபைக்குப் பொருந்தாது.

செல்போனிலும் இது உண்டு. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்ற செட்டிங் இருக்கிறது. பிரவுசரிலும் உண்டு. 2020 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், அமெரிக்காவில் உள்ளவர்களுக்குத் தானாகவே வேறொரு டி.என்.எஸ். வழியைத் தொடங்கி வைத்தது. வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளலாம் என்றது. நல்லதற்குத்தான் என்று ஒரு சாராரும், கேட்காமல் எப்படி மாற்றலாம் என்று மறு சாராரும் வாதாடினார்கள். நமக்கு அதில் தெரிய வேண்டியது இதுதான்: வழி கேட்கும் இடம் கடைக் கம்ப்யூட்டரில் ஒன்றல்ல. ரூட்டர், கம்ப்யூட்டர், பிரவுசர் என்று மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும்.

மேனுவல் வைத்தால் கவலை தீர்ந்ததா?

இல்லை. வேறு கவலைகள் வரும். பொதுமக்களுக்கு இலவசமாக டி.என்.எஸ். தரும் நிறுவனங்கள் உள்ளன. கூகுளின் 8.8.8.8 என்பது 2009 டிசம்பரில் வந்தது. குவாட் 9 அமைப்பின் 9.9.9.9 என்பது 2017 நவம்பரிலும், கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 என்பது 2018 ஏப்ரல் 1-ஆம் தேதியும் தொடங்கின. இவற்றில் குவாட் 9 தெரிந்த மோசடிப் பக்கங்களின் பெயரைக் கேட்டால் வழி சொல்ல மறுத்துவிடும். இது கடைக்கு ஒரு பாதுகாப்புதான். ஆனால் எதை வைத்தாலும், நாம் தேடும் பெயர்கள் அத்தனையும் அவர்கள் பார்வைக்குப் போகும். ஆட்டோமேட்டிக்காக விட்டால் பெரும்பாலும் இணைப்பு தரும் நிறுவனத்தின் பார்வைக்குப் போகும். யாரை நம்புவது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும்.

மொத்த வியாபாரிகள் சிலர் கிடங்கில் தனி சர்வர் வைத்து, அதற்கு ஒரு பெயரும் வைத்திருப்பார்கள். அந்தப் பெயர் கடைக்குள் மட்டுமே வழங்குவது. வெளியூர் டி.என்.எஸ்.-க்கு அது தெரியாது. அதனிடம் கேட்டால் அப்படியொரு பெயரே இல்லை என்று சொல்லிவிடும். பில் புரோகிராம் நின்றுபோகும். கொள்முதலுக்கு வெளியூர் போய் லாட்ஜிலோ ரயில் நிலையத்திலோ வைஃபை பிடிக்கும்போதும், மேனுவல் இருந்தால் பல இடங்களில் லாகின் பக்கம் வராது. அப்போது ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றி உள்ளே போக வேண்டியிருக்கும். கடைசியாக, நமது அலுவலகத்தில் நடந்தது போல, எழுதிவிட்டு மறந்தால் ஒரு நாள் அதுவே கழுத்தைப் பிடிக்கும்.

ஆகவே ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்பது இரண்டாவது கேள்வி. எது இருக்கிறது என்று கடை முதலாளிக்குத் தெரியுமா என்பதே முதல் கேள்வி. தராசுக்கு முத்திரை எப்போது வைத்தார்கள் என்று நமக்குத் தெரிகிறது. கல்லாச் சாவி எத்தனை, யாரிடம் என்று தெரிகிறது. பேங்க் பணம் போய்வரும் வழியை மட்டும் ஏன் டெக்னீஷியன் கையில் விட்டுவிடுகிறோம்?

உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை

1. ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பெட்டியின் அடியில் அச்சடித்திருப்பதையே வைத்திருந்தால் கடைக்குப் பூட்டே போடாதது போல. இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல. ரூட்டரின் செட்டிங்கைத் திறக்கும் வேறு பாஸ்வேர்டு.

2. ரூட்டருக்குள் போய் டி.என்.எஸ். முகவரி என்ன என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் பார்த்தால் பல நேரம் 192.168.1.1 போன்ற எண் இருக்கும். அது ரூட்டரின் எண்ணே. ரூட்டர் யாரிடம் கேட்கிறது என்பதை ரூட்டருக்குள் பார்த்தால்தான் தெரியும்.

3. அங்கே உள்ள எண் இணைப்பு தரும் நிறுவனத்துடையதா, நாமே வைத்ததா என்று நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டும் இல்லையென்றால் ரூட்டரை ரீசெட் செய்து, சாஃப்ட்வேரைப் புதுப்பித்து, புதிய பாஸ்வேர்டு வைக்க வேண்டும்.

4. கடையில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஆட்டோமேட்டிக்கா மேனுவலா, மேனுவல் என்றால் என்ன எண், மாற்றியவர் யார், தேதி என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இணைப்பு நிறுவனத்தை மாற்றும் நாளில் அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள்.

5. செல்போனில் இன்டர்நெட் வந்து கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை என்றால், லைனைக் குறை சொல்லும் முன் டி.என்.எஸ். செட்டிங்கைப் பாருங்கள். ரிட்டர்ன் வேலையைக் கடைசி நாள் வரை தள்ளிப் போடாமல் இருப்பது அதைவிட நல்லது.

6. பேங்க் பக்கத்தைத் திறக்கும்போது 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று பிரவுசர் எச்சரித்தால், 'பரவாயில்லை, போ' என்று அழுத்தாதீர்கள். பெயர் சரியாக இருந்தும் வழி தவறிவிட்டது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

7. பணம் பறிபோனது என்று தெரிந்தால், அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள், பேங்குக்கும் தெரிவியுங்கள்.

டெக்னீஷியன் வந்தால் அவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். "டி.என்.எஸ். ஏதும் மாற்றினீர்களா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை நாமும் அன்றே கேட்டிருந்தால், அந்த 20-ஆம் தேதி மூன்று உறுப்பினர்கள் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு நமது பெஞ்சில் காத்துக் கிடந்திருக்க வேண்டியதில்லை. நமது அலுவலகத்தில் இப்போது கேட்கிறோம். பதிலை நோட்டில் எழுதியும் வைக்கிறோம். முதல் பக்கத்தில் இருப்பது, 'மேஜைக் கம்ப்யூட்டர் – ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே வரி.